கடைசிக் கட்டம்

மோடர்காட் அணைக்கரையில்
ஒரு மரப்பெட்டிதான் எங்கள் மறைவிடம்.
ஆறு பேர் உட்காரலாம், எட்டுப் பேர் நனையலாம்.
ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது.
கட்டி வைத்த பென்சில் மூன்றாம் முறையாகக் களவு போனது.

அந்த நோட்டுக்குக் கோடு போடுவது நான்.
நாள், காற்று, மேகம், கடல் வற்றிய நேரம்,
பறவை, எண்ணிக்கை.
கடைசியில் ஒரு கட்டம்: குறிப்பு.
நாய் குரைத்துக் கூட்டம் கலைந்தால்,
பட்டம் விடுகிறவன் வந்து தொலைத்தால்
எழுதட்டும் என்று விட்டது,
இரண்டு விரல் அகலம்.

முதலில் கெடுத்தவள் வீட்ஸ்கே.
ஜனவரி ஒன்பது. வாடை, ஏழு.
சிப்பிபிடிப்பான் நானூற்றுப் பத்து.
குறிப்பு: துணி துவைக்கும் இயந்திரம் செத்துவிட்டது.
மறுநாள் அதன் கீழே
பால் லாரி ஓட்டும் டுர்க்கின் கோழிக்கிறுக்கல்:
பம்பில் சில்லறை சிக்கியிருக்கும், திறந்து பார்.
பன்னிரண்டாம் தேதி, அதற்கும் கீழே:
சில்லறை இல்லை. என் கம்மல். நன்றி.
கோட்டான் முப்பத்தொன்று.

அதன்பிறகு எவருக்கும் இரண்டு விரல் போதவில்லை.
ஓரத்தில் ஏறினார்கள், அட்டையில் எழுதினார்கள்,
முழங்கால் வலிக்கு முட்டைக்கோஸ் இலை,
ரொட்டி வெடிக்காமலிருக்க ஒரு கிண்ணம் வெந்நீர்.
பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நெர்மின்
உள்ளான்களை ஆயிரம் ஆயிரமாய் எண்ணி முடித்துவிட்டு
மகன் கார் ஓட்டும் தேர்வில்
நான்காம் முறை தோற்றதை எழுதினாள்:
மூடுபனி. எதிரே ஒன்றும் தெரியவில்லை.
தேர்வு அதிகாரியிடம் இவனும் அதையேதான் சொன்னானாம்.

ஹெஸ்ஸல் மட்டும் கட்டத்துக்குள் நின்றார்.
ஆமெலாந்து தீவுப் படகில்
இருபத்தேழு வருஷம் எஞ்சின் பார்த்தவர்.
அவருடைய குறிப்பு எப்போதும் ஒரே சொல்: இல்லை.
குளிர் அதிகமான நாளில் அதுவும் ஒரு சின்னக் கோடு.

பிப்ரவரி நடுவில் அந்தக் கோடும் நின்றது.

யாரும் யாரிடமும் விசாரிக்கவில்லை.
இந்தக் கரையில் அது வழக்கமில்லை.
காற்று எப்படி என்று கேட்போம்,
பதிலில் மனுஷன் எப்படி என்று தெரிந்துவிடும்.
ஆனால் கடைசிக் கட்டம்
மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

ஹெஸ்ஸல், இன்று காற்றே இல்லை,
தண்ணீர் தகடு மாதிரி. இது வீட்ஸ்கே.
ஹெஸ்ஸல், புல்வெளிக்கு ஆள்காட்டி வந்துவிட்டது, இரண்டு.
வருஷா வருஷம் முதலில் பார்ப்பது நீங்கள்,
ஆகவே நான் பார்த்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. இது டுர்க்.
ஆலங்கட்டி மழை. சூப்பில் உப்பு கூடிப்போச்சு.
கரண்டிவாயன் ஒன்று நாள் முழுக்க ஒற்றைக் காலில்.
பெயர் போடாவிட்டாலும் நெர்மின்தான்.

அணைமேல் மேயும் செம்மறிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான்,
எனக்கு என்ன எழுத வரும்?
ஹெஸ்ஸல், பென்சில் புதுசு, என்று எழுதினேன்.

மார்ச் இருபத்தாறு.
நான் போனபோது உள்ளே யாருமில்லை.
பலகையில் ஈரமாய் இரண்டு முழங்கைத் தடம்.
நோட்டில் எழுத்து கோட்டின் மேல் ஏறி, கீழே விழுந்து,
அடுத்த கட்டத்தில் கால் வைத்து நடந்திருந்தது:
தென்மேற்கு, மூன்று. மேகம் பாதி.
சிப்பிபிடிப்பான் இருநூற்றுப் பன்னிரண்டு,
அதை அடித்து, இருநூற்றுப் பத்தொன்பது.
குறிப்பு: இடது கண்ணை எடுத்தாயிற்று.
டெலஸ்கோப்புக்கு ஒன்று போதும்.
ஆள்காட்டியை நான் பார்த்தது பிப்ரவரி பதினெட்டு,
ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடம்.
டுர்க், உனக்கு இரண்டு நாள் முந்தி.

செம்மறிகள் கத்தும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
பறவை எதையும் எண்ணவில்லை.

ஏப்ரலில் புது நோட்டு.
கடல் வற்றும் நேரத்தை நெருக்கிப் போட்டு
குறிப்புக்கு ஐந்து விரல் விட்டேன்.
முதல் பக்கத்திலேயே வீட்ஸ்கே வம்பிழுத்திருந்தாள்:
அன்றைக்கு மேகம் முழுசாய் மூடியிருந்ததே, ஹெஸ்ஸல்?

எனக்குப் பாதிதான், என்று பதில்.
கருவால் மூக்கன் பதினேழு.